மேடையை வெண்திரையால் மூடாதீர்கள்: அரங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அரங்க நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த பருவம் முதல் மாலைக் காட்சிகளில் பெரும்பகுதியைப் பதிவுசெய்யப்பட்ட நாடகங்களின் திரையீட்டுக்கு ஒதுக்கப்போவதாகவும், அதற்காக மேடையில் நிரந்தரமான வெண்திரை ஒன்றைப் பொருத்தப்போவதாகவும், நேரடி நாடகங்களைச் சிறப்பு நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளப்போவதாகவும் நீங்கள் வெளியிட்டிருக்கும் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். பதிவு எல்லோருக்கும் முதல் வரிசையில் அமர்ந்து பார்க்கும் வசதியைத் தருகிறது, பதிவில் தவறு நேராமல் ஒவ்வொரு நாளும் ஒரே தரம் கிடைக்கிறது, நேரடி நாடகத்துக்கு வருவோர் குறைந்துவிட்டார்கள் என்று மூன்று காரணங்களை அதில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் மேடையேறியவள் அல்ல. நாடகம் எழுதியவளும் அல்ல. 41 ஆண்டுகளாக இருக்கையில் அமர்ந்து பார்த்துவருபவள் என்ற ஒரே தகுதியோடு எழுதுகிறேன். "பார்வையாளர் நலன் கருதி" என்ற சொற்றொடர் உங்கள் அறிக்கையில் நான்கு இடங்களில் வருகிறது. அந்தப் பார்வையாளரில் ஒருத்தியாகிய என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதால், என் நலன் எது என்பதை நானாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வரிசை என்ற வாதத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்கு 11 வயதானபோது முதன்முதலாக ஒரு நாடகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டேன். எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் வரிசையின் இடக்கோடி இருக்கை. அங்கிருந்து பார்த்தால் மேடையின் அருகுப்பக்கத்துக் காட்சியமைப்பு பாதி மறைந்துவிடும். எதிர்ப்புறத்துப் பக்கத்திரையின் உட்பகுதி மட்டும் நன்றாகத் தெரியும். அந்த இருட்டில் அரச உடையணிந்த ஒருவர் தோள்கள் தளர்ந்து நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஓசையில்லாமல் இருமினார். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. யாரோ நீட்டிய குவளையிலிருந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு மேடையில் யாரோ ஒரு சொல்லைச் சொன்னார்கள். அவர் குவளையைத் திருப்பிக் கொடுத்து, மூச்சை இழுத்து நிறுத்தி, ஓரடி எடுத்து வைத்தார். வெளிச்சத்தில் அந்தக் கால் பதிந்தபோது அவர் ஒரு சாண் உயர்ந்திருந்தார். அவர் குரலைக் கேட்டு எனக்குப் பின்னாலிருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருளுக்கும் ஒளிக்கும் இடையிலிருந்த அந்த ஓரடியை நான் இன்றுவரை மறக்கவில்லை. நாடகத்தின் கதை எனக்கு இப்போது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. அரங்கின் மிக மோசமான இருக்கை என்று எல்லோரும் ஒதுக்கும் இடத்தில்தான் எனக்கு அது கிடைத்தது. நீங்கள் வாக்களிக்கும் முதல் வரிசையில் அதற்கு இடமே இல்லை.

முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தன் கண்ணை எங்கே செலுத்துவது என்ற உரிமை உண்டு. பதிவில் அந்த உரிமையைக் கேமரா எடுத்துக்கொள்கிறது. ஒரு நீதிமன்ற நாடகத்தில், மகன் விசாரிக்கப்படும்போது அவன் தாய் மேடையின் மூலையில் ஒரு மரப்பலகையில் அமர்ந்திருப்பார். அவருக்கு அந்தக் காட்சி முழுவதும் வசனமே இல்லை. கையிலிருந்த சிறு துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருப்பார். வழக்கறிஞர்கள் முழங்கிக்கொண்டிருக்க, நான் அந்தக் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது கைகள் பாதி மடிப்பில் நின்றன. அவ்வளவுதான், அழுகையில்லை, கூச்சலில்லை. சில மாதங்கள் கழித்து அதே குழுவின் அதே நாடகத்தைப் பதிவில் பார்க்க வாய்த்தது. தீர்ப்பின்போது திரை முழுவதும் நீதிபதியின் முகம் இருந்தது. அந்தப் படப்பிடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒளியும் ஒலியும் தெளிவாக இருந்தன. ஆனால் எனக்கு அந்த நாடகமாக இருந்த கைகள் பதிவில் இல்லை.

பார்ப்பவர் எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன தெரிகிறது என்பதை நம் முன்னோர் அரங்கம் கட்டும்போதே யோசித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு அளவு சொல்கிறது: அக்கால நீள அளவான கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளையும் அது சொல்கிறது. அங்கே என்னைக் கவர்ந்த செய்தி இன்னொன்று: தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை நிறுத்த வேண்டும் என்கிறது. பழைய வடமொழி நாடக நூலான நாட்டிய சாத்திரமோ 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நடுத்தர அரங்கையே மனிதர்க்கு உகந்ததாகச் சொல்லி, அதற்கு மேல் பெரிதானால் குரல் தெளிவிழக்கும், முகத்தின் பாவம் தெரியாது என்று காரணமும் தருகிறது. அதே நூல், ஒரு நாடகம் வெற்றிபெற்றதா என்பதைப் பார்வையாளரின் புன்னகையிலும் சிரிப்பிலும் வியப்பொலியிலும் மெய்சிலிர்ப்பிலும் அளக்கச் சொல்கிறது. நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே இருக்கும் தொலைவுதான் அங்கே அளவுகோல். உங்கள் சுற்றறிக்கையில் திரையின் அகலம் இருக்கிறது, ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை இருக்கிறது. இந்தத் தொலைவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தவறு நேராது என்கிறீர்கள். ஒரு மாலை, வயதான நடிகை ஒருவர் தாயாக நடித்த காட்சியில், நெடுநாள் கழித்து வீடு திரும்பிய மகனிடம் அவர் ஒரு பழைய நிகழ்வைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் வசனம் மறந்துபோயிற்று. முதலில் அது நடிப்பின் ஒரு பகுதி என்றே நினைத்தோம். பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுக்கும் மெல்லிய குரல் வந்தது. அவருக்கு அது எட்டவில்லை. அவர் கண்களில் பயம் தெரிந்தது. அரங்கில் யாரும் அசையவில்லை. மகனாக நடித்த இளைஞர் மெதுவாக எழுந்து சென்று அவர் காலடியில் அமர்ந்து, "இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறாய் அம்மா, இன்றைக்கு நான் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து" என்று சொல்லிவிட்டு, தாயின் வசனத்தையே மகனின் நினைவாக மாற்றிச் சொன்னார். அவர் சொல்லச்சொல்ல அந்த அம்மாளுக்கு நினைவு திரும்பியது. கடைசி இரண்டு வாக்கியங்களை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அந்த அம்மாள் அவர் தலையில் கை வைத்தார். அது நாடகத்தில் எழுதப்பட்டிருந்த செயலா, அந்த நொடியில் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. பதிவு செய்பவர்கள் இந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, தவறில்லாத வேறொரு நாளின் காட்சியை ஒட்டியிருப்பார்கள். இந்தத் தவறைப் பார்த்ததற்காக நான் அந்த அரங்குக்கு நன்றியுடையவள்.

ஒரே தரம் என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரே நாடகத்தை அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் பார்த்தேன். முதல் நாள் ஓர் இடத்தில் அரங்கமே சிரித்தது. வேலை இழந்த ஒருவன் தன் காலணியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கும் காட்சி அது. மறுநாள் அதே இடத்தில் முன்வரிசைகளில் இரண்டொருவர் சிரிக்கத் தொடங்கினார்கள்; அப்போது பின்னாலிருந்து யாரோ அடக்க முடியாமல் விம்மும் ஓசை கேட்டது. சிரிப்பு நின்றது. நடிகருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் துடைக்கும் வேகத்தைக் குறைத்தார். ஒரு காலணியைத் துடைத்து முடித்தபின் மற்றதைத் தொடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வசனத்தில் ஒரு சொல்லும் மாறாமலேயே நாடகம் அந்த மாலை வேறொன்றாயிற்று. பெயர் தெரியாத ஒருவரின் விம்மல் அதை மாற்றியது. வெண்திரைக்கு முன்னால் ஆயிரம் பேர் விம்மினாலும் திரையில் இருப்பவரின் கை வேகம் குறையப்போவதில்லை.

மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். வருவோர் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். கடந்த சில ஆண்டுகளாகக் காலி இருக்கைகளை நானும் பார்த்துவருகிறேன். கடும் மழை பெய்த ஒரு மாலையில் அரங்கில் நாங்கள் 14 பேர் மட்டுமே இருந்தோம். காட்சியை ரத்து செய்வார்கள் என்றே எண்ணினேன். காட்சி தொடங்குவதை அறிவிக்கும் மூன்றாம் மணி அடித்தது, திரை விலகியது. ஒன்பது பேர் கொண்ட அந்தக் குழு, நிறைந்த அரங்குக்கு நடிப்பதைப் போலவே இரண்டு மணி நேரம் நடித்தது. இடைவேளைக்குப் பிறகு நாங்கள் யாரும் சொல்லாமலேயே எழுந்துபோய் முன் இரண்டு வரிசைகளில் சேர்ந்து அமர்ந்தோம். முடிவில் அவர்கள் வணங்கியபோது ஒருவர் விடாமல் எங்கள் 14 பேரின் முகத்தையும் பார்த்தார்கள். ஈரத் துணியோடு வீடு திரும்பிய அந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. எண்ணிக்கையை வைத்து இந்தக் கலையை எடைபோடுவோரிடம் இந்த மாலையைத்தான் நான் சான்றாக வைப்பேன்.

ஆள் வரவில்லை என்பவர்கள், யாரை அழைத்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1953 ஜனவரியில் பாரிஸில் முதலில் மேடையேறிய சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம், படித்த பார்வையாளர் பலரைக் குழப்பியது. நடுவில் எழுந்து போனவர்களும் உண்டு. அதே நாடகத்தை 1957 நவம்பர் 19 அன்று சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு குழு சான் குவென்டின் சிறைக்குள் கொண்டுபோய் ஏறக்குறைய 1,400 கைதிகளுக்கு முன் நடித்தது. காத்திருப்பது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடங்கி அமர்ந்து இறுதிவரை பார்த்தார்கள். அந்தச் சிறைக்குள்ளேயே பின்னர் கைதிகளின் நாடகக் குழு ஒன்று உருவானது. நாடகம் புரியாது, வரமாட்டார்கள் என்று கருதப்பட்ட மக்களிடம் போய் நின்று கண்ட பலன் அது. நீங்கள் கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பள்ளிகளுக்கு, எத்தனை தொழிலாளர் சங்கங்களுக்கு, எத்தனை முதியோர் இல்லங்களுக்கு அழைப்பு அனுப்பினீர்கள்? நிகழ்ச்சிநிரல் அரங்க வாசலில் ஒட்டப்படுவதைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. வாசலுக்கு வருகிறவர் ஏற்கெனவே நாடகம் பார்ப்பவர்.

பதிவுகளின் மேல் எனக்குப் பகை இல்லை. 2009 ஜூனில் லண்டனின் நேஷனல் தியேட்டர் தன் நாடகமொன்றைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியபோது, அந்த நகரத்துக்கு என்றுமே போக முடியாதவர்களுக்கு ஒரு சன்னல் திறந்தது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கும், தொலைவில் வாழ்பவர்களுக்கும், ஒரு நடிகரின் இளமைக்கால நடிப்பைக் காண விரும்புபவர்களுக்கும் பதிவு பெரும் உதவி. 2020இல் பெருந்தொற்றால் உலகெங்கும் அரங்குகள் மூடப்பட்டபோது நானும் பதிவுகளைப் பார்த்தே நாட்களைக் கடத்தினேன். 1952 நவம்பர் முதல் லண்டனில் இடைவிடாமல் நடந்துவந்த, அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' (The Mousetrap) நாடகம்கூட 2020 மார்ச்சில் நின்றுபோனது. பதிவு கையிலிருந்தால் போதும் என்றால் அத்தோடு முடித்திருக்கலாம். 2021 மே மாதம் கதவுகள் திறந்ததும் அதை மீண்டும் மேடையில்தான் தொடங்கினார்கள். வெளியே போக முடியாத காலத்துக்குப் பதிவு நமக்குத் துணையிருந்தது. கதவுகள் திறந்திருக்கும் காலத்தில் அதே பதிவைக் காட்டி மேடையை மூடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்தத் தொற்றுக் காலத்தில் என் தந்தை இறந்தார். இறுதிச் சடங்கில் சிலர் மட்டுமே நிற்க அனுமதி இருந்தது. நாங்களும் விலகியே நின்றோம். யார் தோளிலும் யாரும் சாயவில்லை. நான் அப்போது அழவில்லை. அரங்குகள் திறந்தபின் நான் பார்த்த முதல் நாடகம் ஷேக்ஸ்பியரின் லியர் அரசன். இறுதிக் காட்சியில் லியர் தன் இறந்த மகளைக் கைகளில் ஏந்திக்கொண்டு வருகிறார். நடித்தவர் உண்மையிலேயே முதியவர். ஏந்தப்பட்ட பெண் உண்மையிலேயே கனமானவர். அந்த நடிகரின் முழங்கால்கள் நடுங்கியதை நான் ஏழாவது வரிசையிலிருந்து கண்டேன். அவளை அவர் கீழே கிடத்தியபோது பலகை எழுப்பிய ஓசை என் காலடிவரை வந்தது. அப்போது என் தந்தைக்காக நான் முதன்முறையாக அழுதேன். பக்கத்து இருக்கையில் முன்பின் அறியாத ஒரு பெண்மணி இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல், தன் முழங்கையை என் முழங்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நாடகம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் சிறிது நேரம் யாரும் கை தட்டவில்லை. சில நூறு பேர் ஒன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அந்த அமைதியில்தான் என் தந்தையின் இறுதிச் சடங்கு முடிந்தது என்று நான் கருதுகிறேன். வீட்டில் அதே நாடகத்தின் சிறந்த பதிவொன்றை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அப்போது எனக்கு எதுவும் நேரவில்லை.

இனி அந்த நிரந்தரத் திரையைப் பற்றி. உங்கள் வரைபடத்தின்படி அதன் இரும்புச் சட்டம் மேடையின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இருபுறமும் பக்கத்திரைகளுக்குப் பின்னால் நடிகர் காத்து நிற்கும் இடம் ஒரு ஆள் திரும்பும் அளவுக்குச் சுருங்குகிறது. காட்சிப் பொருட்களைப் பின்புறமாகக் கொண்டுவரும் வழி அடைபடுகிறது. ஆண்டுகளாக அங்கே ஒளியமைக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: பின்விளக்குகளைத் தொங்கவிடும் குழாய் அகற்றப்பட்டால், நடிகரின் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியாது, முகங்கள் சுவரில் ஒட்டிய படங்களைப் போல ஆகிவிடும். இப்போதே பழுதான விளக்குகள் மாற்றப்படாமல் கிடக்கின்றன. குழுக்களுக்கு மேடையில் ஒத்திகை பார்க்க முன்பு ஒரு முழு நாள் கிடைத்தது. இப்போது காட்சி நாளின் காலை மட்டுமே. இப்படிச் சுருக்கிக்கொண்டே போனால் குழுக்கள் வருவது நிற்கும். வர ஒரு குழுவும் இல்லை என்று அடுத்த சுற்றறிக்கை சொல்லும். சட்டத்தின் திருகாணிகள் இறுகிவிட்டால் அவற்றைக் கழற்றும் நாள் வராது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இவற்றை. நிரந்தரத் திரையைப் பொருத்தும் வேலையை உடனே நிறுத்தி வையுங்கள். திரையீடு தேவையான நாட்களில் சுருட்டி இறக்கும் திரை போதும், அதற்கு மேடையை இடிக்க வேண்டியதில்லை. வார இறுதி மாலைகளை முழுமையாக நேரடி நாடகங்களுக்கே விட்டுவிடுங்கள். பதிவுகளைப் பகற்பொழுதிலும் மற்ற நாட்களிலும் காட்டுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். பதிவைக் காட்டும் நாட்களில் நுழைவுச்சீட்டிலும் அறிவிப்பிலும் 'திரையீடு' என்றே அச்சிடுங்கள். 'நாடகம்' என்று மட்டும் போட்டு அழைக்காதீர்கள். ஒத்திகைக்கு முன்புபோல ஒரு முழு நாளைத் திருப்பிக் கொடுங்கள். எரியாத விளக்குகளை இந்தப் பருவம் தொடங்கும் முன் மாற்றுங்கள். மூன்றாம் மணிக்குப் பின்னும் காலியாக இருக்கும் இருக்கைகளை, வாசலில் காத்திருக்கும் மாணவர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடுங்கள். குறிப்பாக யாரும் விரும்பாத அந்தக் கோடி இருக்கைகளை.

நாடகக் குழுவினர், ஒளியமைப்பாளர்கள், ஒப்பனைக் கலைஞர்கள், என்னைப் போன்ற பார்வையாளர்கள் ஆகியோரை அழைத்து, அடுத்த பருவத்தின் நிகழ்ச்சிநிரலை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு கூட்டம் நடத்துங்கள். மண்டபத்தில் வேண்டாம், மேடையிலேயே நடத்துங்கள், திரை வரப்போகும் இடத்தில் நாற்காலிகளைப் போட்டு. அதற்கான நாளை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாடகப் பார்வையாளர் ஒருத்தி